ஊரில் இருக்கும் அம்மா: வெளியூரில் பிழைக்கும் தருமபுரி மாவட்டத்தாருக்கு ஒரு திறந்த மடல்

பெங்களூர், ஓசூர், திருப்பூர் என்று பிழைப்புக்குப் போயிருக்கும் தருமபுரி மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு,

தருமபுரி மாவட்டக் கிராமங்களில் எழுபது வயதை ஒட்டிய பெண்ணின் நாள் பெரும்பாலும் தண்ணீரில்தான் தொடங்குகிறது. குழாயில் தண்ணீர் விடும் நேரம் ஊருக்கு ஊர் மாறும். விடும் நாளும் மாறும். நேரம் பார்த்துக் குடங்களை வரிசையில் வைப்பது, குடிக்கிற தண்ணீரையும் புழங்குகிற தண்ணீரையும் தனித்தனியே பிடிப்பது எல்லாம் அவர் பொறுப்பு. ஒகேனக்கல் தண்ணீர் குடிக்கவும் உலை வைக்கவும்; போர் தண்ணீர் பாத்திரம் கழுவவும் மாட்டுக்குக் காட்டவும். இந்தப் பாகுபாடு ருசிக்காக மட்டும் ஏற்பட்டதில்லை. மாவட்டத்தின் அடியில் கிடப்பது கடினப் பாறை. அதிலுள்ள ஃபுளோரைடு நிலத்தடி நீரில் கரைந்து வருகிறது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃபுளோரைடு இருந்தால் அந்தத் தண்ணீர் குடிக்கத் தக்கதில்லை என்பது இந்தியத் தர அளவு. இங்கே பல ஊர்களின் கிணறும் போரும் அந்த அளவைத் தாண்டியவை. குழந்தைப் பருவத்தில் குடித்தால் பல்லில் பழுப்புக் கறை விழும். பல ஆண்டுகள் குடித்தால் எலும்பிலும் மூட்டிலும் படிந்து கழுத்து, முதுகு, முழங்கால் எல்லாம் விறைத்துப்போகும்.

இதற்கு மாற்றாகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் மற்றும் ஃபுளோரைடு பாதிப்புத் தணிப்புத் திட்டம் வந்தது. ஜப்பான் பன்னாட்டுக் கூட்டுறவு முகமையின் கடனுதவியோடு 1,928.80 கோடி ரூபாயில் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்காகப் போடப்பட்ட திட்டம் அது. 2008 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டி, 2013 மே 29 அன்று தொடங்கி வைத்தார்கள். இன்று எழுபதைத் தொட்டிருப்பவருக்கு அன்றே வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். நல்ல தண்ணீர் வந்து சேர்ந்தபோது எலும்பில் ஏறவேண்டியது ஏறிவிட்டிருந்தது. ஆகவே போனில் அம்மா முட்டி வலி என்று சொல்லும்போது, வயசானால் அப்படித்தான் என்று பதில் சொல்வது பாதி உண்மைகூட ஆகாது.

மாவட்டம் சேலத்திலிருந்து பிரிந்தது 1965 அக்டோபர் 2 அன்று. அப்போது பத்து வயதிலிருந்த பெண்பிள்ளைகள்தான் இன்றைய மூதாட்டிகள். அவர்களில் பள்ளிக்கூடம் போனவர்கள் கொஞ்சம். போனவர்களும் தம்பி தங்கை பிறந்ததும் நின்றுவிட்டார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும் எழுத்தறிவில் தமிழ்நாட்டின் கடைசி மாவட்டம் இதுவே. அதனால் அவர்களில் பலர் இன்றைக்கும் கைநாட்டுதான். ஆனால் கணக்கு வேறு. யார் வீட்டுக் கல்யாணத்துக்கு எவ்வளவு மொய் வைத்தது, திரும்பி எவ்வளவு வந்தது, சீட்டில் எத்தனை தவணை போயிற்று, பால் சொசைட்டியில் எத்தனை லிட்டருக்குப் பணம் வரவேண்டும் என்பதெல்லாம் அவர் தலையில் வரி தவறாமல் இருக்கும். மொய் நோட்டு தொலைந்துபோன வீடுகளில் கிழவியைக் கேட்டு நோட்டைத் திரும்ப எழுதுவது சாதாரணம்.

விடிந்ததும் மாடு. ஒரு கறவை, அதன் கன்று, இரண்டு மூன்று ஆடு, பத்துக் கோழி என்பது இந்தப் பக்கத்துச் சிறு குடும்பத்தின் வழக்கமான சொத்து. பாலைக் கறந்து தூக்கில் ஊற்றிக்கொண்டு சொசைட்டிக்குப் போய் அளந்து ஊற்றுவதற்குள் ஊர்ச் செய்தி முழுதும் வந்துவிடும். ஆடு வளர்ப்பு அவருக்குச் சேமிப்புக் கணக்கு. பேத்திக்குக் காது குத்த வேண்டும், ஆஸ்பத்திரிச் செலவு வந்துவிட்டது என்றால் ஒரு கிடாயை நல்லம்பள்ளிச் சந்தைக்கோ காரிமங்கலம் சந்தைக்கோ ஓட்ட வேண்டியதுதான். தரகர் ஒரு விலை சொல்லுவார். கிழவி ஆட்டைப் பிடித்த கயிற்றை விடாமல் தன் விலையையே சொல்லிக்கொண்டிருப்பார். வெயில் ஏறினால் வியாபாரிக்கு அவசரம் வரும், ஆட்டுக்காரிக்கு வராது. பெரும்பாலும் அந்தப் பொறுமைக்கே விலை படிகிறது.

சாப்பாடு களி. கேழ்வரகு மாவை நொய்யரிசியோடு கொதிக்கவிட்டு, துடுப்பால் கிண்டி, உருண்டை பிடித்து, கீரைக் கடைசலோ கொள்ளுக் குழம்போ நிலக்கடலைச் சட்னியோ ஊற்றித் தின்பது. கிண்டுவதற்கு நல்ல தோள்வலு வேண்டும். கட்டி தட்டாமல் கிண்டிய களியைப் பார்த்தே கை யாருடையது என்று சொல்லிவிடுவார்கள். ரேஷன் அரிசி வந்த பிறகு களி பின்னுக்குப் போயிற்று. கேழ்வரகு நிலத்தில் தக்காளியும் மரவள்ளியும் ஏறின. பிறகு சர்க்கரை வியாதி பெருகியது; டவுனில் களியும் கூழும் தனி விலைக்கு வந்தன. 2023-இல் அரசு நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் சோதனை முயற்சியாக ரேஷன் கடைகளில் அரிசிக்குப் பதில் 2 கிலோ கேழ்வரகு தரத் தொடங்கியது. நாற்பது வருடம் முன்னால் ஏழைச் சாப்பாடு என்று ஒதுக்கப்பட்டது திரும்பி வந்ததில் மூதாட்டிகளுக்கு ஆச்சரியம் எதுவுமில்லை. அவர்கள் அதை விட்டதே இல்லை.

மகனும் மருமகளும் கட்டட வேலைக்கோ கம்பெனி வேலைக்கோ போய்விட்ட வீடுகளில் பேரப்பிள்ளைகளை வளர்ப்பதும் இவரே. ஆயா என்றும் பாட்டி என்றும், தெலுங்கு, கன்னடம் பேசும் வீடுகளில் அவ்வா என்றும் அஜ்ஜி என்றும் கூப்பிடும் பிள்ளைகளுக்குத் தலைவாரிப் பள்ளிக்கு அனுப்பும் வேலை எழுபது வயதில் இரண்டாம் முறையாக வந்து சேர்கிறது. 2023 ஆகஸ்டு 25 முதல் அரசுத் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றிலும் காலை உணவு வந்தது. பிள்ளைகளின் பசியைப் பற்றித்தான் அந்தத் திட்டத்தில் பேசுகிறார்கள். பாட்டியின் காலை நேரத்தில் ஓர் அடுப்பு வேலை குறைந்ததையும் சேர்த்துப் பேசலாம். வீட்டுப்பாடம் மட்டும் அவர் கைக்கு எட்டாதது. அதற்குப் பக்கத்து வீட்டுக் காலேஜ் பெண்ணைப் பிடித்து வைத்திருப்பார். அவளுக்குக் கைமாறு கறிவேப்பிலை, முருங்கைக்காய், எப்போதாவது இரண்டு நாட்டுக்கோழி முட்டை.

கூலி வேலையை அவர் விட்டுவிட்டார் என்று நினைப்பது தவறு. 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்த நூறு நாள் வேலைக்கு உச்ச வயது வைக்கப்படவில்லை. தோட்ட வேலைக்குக் கூப்பிடாத வயதிலும் ஏரிக்கரையில் மண்வெட்டியோடு உட்கார இடம் கிடைத்ததால் வேலைத்தலத்தில் நரைத்த தலைகளே மிகுந்தன. 2023 ஜனவரி முதல் நாளுக்கு இரண்டு முறை போட்டோ எடுத்து வருகை பதியும் முறை வந்தது. சிக்னல் இல்லாத கரையில் போட்டோ ஏறும்வரை வெயிலில் நிற்பதும் வேலையில் சேர்ந்துகொண்டது.

நூறு நாள் வேலையைவிடப் பழைய வேலை புளி. தை பிறந்ததிலிருந்து சித்திரை வரை இந்த மாவட்டத்தில் புளிக் காலம். வயல் வரப்பிலும் சாலையோரத்திலும் புறம்போக்கிலும் நிற்கும் மரங்களை வியாபாரிகள் குத்தகைக்கோ ஏலத்துக்கோ எடுப்பார்கள். ஆண்கள் ஏறி உலுக்குவார்கள், பெண்கள் கீழே பொறுக்குவார்கள். பிறகு வெயிலில் காயவைத்து ஓடு தட்ட வேண்டும், நார் உரிக்க வேண்டும், கொட்டை எடுக்க வேண்டும். இந்த மூன்றும் வீட்டுத் திண்ணையில் நடக்கும் வேலை. வியாபாரி மூட்டையை வீட்டிலேயே இறக்கிவிட்டுப் போவார். கூலி கிலோக் கணக்கு. திரும்ப எடுக்கும்போது புளியையும் கொட்டையையும் தனித்தனியே நிறுப்பார்; கொட்டைக்கும் விலை உண்டு, அதை அரைத்த மாவு நெசவாலைகளுக்குக் கஞ்சிப் பசையாகப் போகிறது. நான்கைந்து கிழவிகள் ஒரு திண்ணையில் சேர்ந்து உட்கார்ந்தால் கட்டையால் தட்டுகிற சத்தத்துக்கு நடுவே ஊர் வழக்குகள் அத்தனையும் தீர்ப்பாகிவிடும். வேலை எளிதாகத் தெரியும். ஆனால் மணிக்கணக்கில் குந்தி உட்கார வேண்டும். புளிப்பு ஏறி விரல் கறுக்கும், சிறு கீறல் இருந்தால் எரியும். கிலோவுக்குக் கிடைக்கும் கூலி இந்த உழைப்புக்குச் சற்றும் ஈடாகாது. ஒரு செய்தி இதில் சுவையானது. புளி சேர்த்த சாப்பாடு உடலிலிருந்து ஃபுளோரைடு சிறுநீர் வழியாகக் கூடுதலாக வெளியேற உதவுகிறது என்று ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் ஆய்வாளர்கள் கண்டார்கள். தண்ணீர் கெட்ட ஊரில் புளி விளைவது நல்லதுக்குத்தான் என்று கிழவிகள் வேண்டுமானால் சொல்லிக்கொள்ளலாம்.

புளி தட்டிய விரல், களை பறித்த விரல், எழுபது வருடம் சாணி மெழுகிய விரல், ரேகை தேய்ந்த விரல். இந்த விரலைத்தான் அரசாங்கம் கருவியில் வைக்கச் சொல்கிறது.

தமிழ்நாட்டில் முதியோர் ஓய்வூதியம் 1962 ஏப்ரலில் மாதம் 20 ரூபாயில் தொடங்கியது. 2011-இல் 1,000 ரூபாயாகவும் 2023 ஆகஸ்டில் 1,200 ரூபாயாகவும் உயர்ந்தது. இதில் மத்திய அரசின் பங்கு எழுபத்தொன்பது வயது வரை 200 ரூபாய், எண்பதிலிருந்து 500 ரூபாய். மீதி மாநில அரசு போடுவது. மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாய் வேறு. அதற்கான விண்ணப்ப முகாம்களை முதலமைச்சர் 2023 ஜூலை 24 அன்று தொடங்கி வைத்தது இந்த மாவட்டத்துத் தொப்பூரில்தான். ஓய்வூதியம் வாங்குகிற கிழவிக்கு உரிமைத் தொகை கிடையாது, அதே வீட்டு மருமகளுக்கு உண்டு. இந்தக் கணக்கைப் பல வீடுகளில் மாமியாருக்குப் புரியவைப்பதற்குள் மருமகளுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

பணம் கைக்கு வரும் நாள் ஒரு சின்னத் திருவிழா. முன்பு தபால்காரர் மணியார்டராகக் கொண்டுவந்தார். இப்போது வங்கி முகவர் கருவியோடு வந்து கோயில் திண்ணையிலோ பள்ளித் தாழ்வாரத்திலோ உட்காருகிறார். கட்டைவிரல் பதியவில்லை என்றால் ஆள்காட்டி விரல். அதுவும் பதியவில்லை என்றால் விரலைத் துடைத்து, தலைமுடியில் தேய்த்து எண்ணெய்ப் பசை ஏற்றி மறுபடி. மூன்று முறை சிவப்பு விளக்கு எரிந்தால் அடுத்த முறை வா பாட்டி என்பார்கள். அடுத்த முறை என்றால் சில சமயம் அடுத்த மாதம். ரேஷன் கடையிலும் இதே கதைதான். அங்கே கருவிழிப் பதிவுக் கருவிகள் வந்த பிறகு கொஞ்சம் எளிதாயிற்று. ஆனால் கண்ணில் புரை விழுந்தவருக்கு அதுவும் சங்கடம். 2025 ஆகஸ்டு 12 அன்று தொடங்கிய தாயுமானவர் திட்டம் எழுபது வயதைக் கடந்தவர்கள் மட்டுமே இருக்கும் குடும்பங்களுக்கு ரேஷன் பொருளை வீட்டு வாசலில் கொண்டுவந்து தர ஏற்பாடு செய்தது. நல்ல திட்டம். ஆனால் பெங்களூரில் இருக்கும் மகன் பெயர் ஊர் ரேஷன் அட்டையில் இன்னும் இருந்தால், காகிதத்தில் அந்தக் கிழவி தனியாக இல்லை.

பெயர்ச் சிக்கலும் அப்படித்தான். முனியம்மாள் என்பவர் ஓர் அட்டையில் முனியம்மா, இன்னொன்றில் முனியம்மாள், பாஸ்புக்கில் கணவர் பெயரின் முதலெழுத்து மாறிய முனியம்மாள். பிறந்த வருடம் யாருக்கும் தெரியாது. ஆதார் எடுத்த அன்று கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருந்தவர் முகத்தைப் பார்த்து ஒரு வருடம் போட்டார், தேதி ஜனவரி 1. அறுபத்தைந்து வயதுக்காரர் அட்டையில் ஐம்பத்தாறாக இருப்பதும், அதனால் ஓய்வூதிய மனு தள்ளுபடி ஆவதும் ஊருக்கு இரண்டு உண்டு. இதைத் திருத்த இ-சேவை மையம் போக வேண்டும், ஓடிபி வரும் போன் வேண்டும். ஆதாரில் சேர்த்த நம்பரோ மகன் தூக்கிப்போட்ட பழைய சிம்மில் இருக்கிறது.

இனிப் பயணம். 2021 மே 8 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்றானபோது, தருமபுரி மாவட்டத்து மூதாட்டிகளின் வாழ்க்கையில் நடந்தது சிறிய மாற்றம் அன்று. பாலக்கோட்டிலிருந்தும் பென்னாகரத்திலிருந்தும் தருமபுரிக்கு ஓடும் டவுன் பஸ்களில் காலை பத்து மணிக்கு ஏறிப் பார்த்தால் பாதி இருக்கையில் வெற்றிலைப் பையும் மஞ்சள் பையும் உட்கார்ந்திருக்கும். அதற்கு முன்னால் பஸ் காசுக்கு மகனிடமோ மருமகளிடமோ கேட்க வேண்டும். கேட்டால் எங்கே, எதற்கு என்ற கேள்வி வரும். இப்போது கேட்கத் தேவையில்லை. மகள் வீட்டில் ஒரு வேளை சாப்பாடு, பெரியாஸ்பத்திரியில் மாத்திரை, அடகுக் கடையில் வட்டி, இறந்துபோன அக்காள் வீட்டில் துக்கம், எதற்கும் இல்லையென்றால் சும்மா சந்தை. சும்மா போகிற பயணம் என்ற ஒன்று இந்தத் தலைமுறைப் பெண்களுக்கு வாழ்க்கையில் முதல் தடவையாகக் கிடைத்திருக்கிறது. சில நடத்துநர்கள் ஓசி டிக்கெட் என்று சொல்லிக் காட்டும் ஏளனம் இதன் விலை. கிழவிகள் அதைப் பெரும்பாலும் காதில் போட்டுக்கொள்வதில்லை. போட்டுக்கொண்டால் நடத்துநருக்குத்தான் சேதம்.

இலவசம் டவுன் பஸ்ஸுக்கு மட்டும். ஆகவே அரூரிலிருந்தோ பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்தோ தொலைவு போகிறவர் ரூட் பஸ்ஸை விட்டுவிட்டு டவுன் பஸ்ஸாகப் பார்த்து மாறி மாறிப் போகிறார். ஒரு மணி நேரப் பாதைக்கு மூன்று மணி நேரம் பிடிக்கும். கடைசி வண்டி போய்விட்டால் வழியில் இருக்கும் உறவுக்காரர் வீட்டில் படுத்து மறுநாள் காலை ஊர் திரும்புவார். அதுவரை போன் அடித்து எடுக்காத மகன் பெங்களூரில் பதறிக்கொண்டிருப்பான். பஸ்ஸில் அவருக்கு உண்மையான எதிரி முதல் படிதான். விறைத்த முழங்காலைத் தூக்கி வைக்கிற உயரத்தில் அது இல்லை. தாழ்தளப் பேருந்துகள் சென்னை, கோவை, மதுரை என்று நின்றுவிட்டன. டிக்கெட்டை எடுத்துவிட்ட அரசு படியையும் கொஞ்சம் இறக்கியிருக்கலாம்.

பஸ்ஸே போகாத ஊர்களும் இந்த மாவட்டத்தில் உண்டு. பென்னாகரம் பக்கம் கோட்டூர் மலைக்கு 2021 சட்டமன்றத் தேர்தலில் வாக்குப்பதிவு இயந்திரங்கள் கழுதை மேல் ஏறிப் போயின. தேர்தல் முடிந்ததும் கழுதைகள் இறங்கிவிட்டன. மூதாட்டிகள் அதே பாதையில் எப்போதும்போல நடந்தார்கள். இப்படிப்பட்ட மலையூர்களில் நோய் என்றால் டோலி கட்டித்தான் தூக்கி வரவேண்டும்.

கோயில் பயணம் தனி அத்தியாயம். தருமபுரி குமாரசாமிப்பேட்டை முருகன் கோயில் தைப்பூசத்தில் பெண்கள் மட்டுமே வடம் பிடிக்கும் தேரோட்டம் உண்டு. கால் வலி, இடுப்பு வலி எல்லாம் அன்றைக்கு லீவு. தேய்பிறை அஷ்டமிக்கு அதியமான்கோட்டை காலபைரவர் கோயிலில் சாம்பல் பூசணியில் விளக்கு. அமாவாசைக்கு மேல்மலையனூர், அதற்குத் தருமபுரியிலிருந்து சிறப்புப் பேருந்தே விடுகிறார்கள். ஆடிப் பதினெட்டுக்கு ஒகேனக்கல். அரூர் பக்கம் தீர்த்தமலையில் மலை ஏறி இராமர் தீர்த்தத்தில் தலையைக் காட்டிவிட்டு இறங்குவது வருடத்துக்கு ஒரு முறையாவது நடக்க வேண்டும். நான்கு கிழவிகள் சேர்ந்து, புளிச்சோறு கட்டி, ஒருத்தி தலைமையில் புறப்படும் இந்தப் பயணங்களில் வழி தவறுவதும் செருப்புத் தொலைவதும் கூட்டத்தில் ஒருத்தி காணாமல்போய் டீக்கடையில் கண்டெடுக்கப்படுவதும் உண்டு. அடுத்த புளிக் காலம் முழுதும் திண்ணையில் பேச அது போதும்.

இரவுப் பயணம் என்றால் கூத்து. திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் நடக்கும் நாட்களில் பாயும் போர்வையுமாகப் போய் விடிய விடிய உட்காருகிறவர்களில் முன்வரிசை வயதான பெண்களுடையது. அர்ச்சுனன் தபசு மரத்தில் வேடதாரி ஏறும்போது இந்தக் கண்களுக்குத் தூக்கம் கிடையாது. துரியோதனன் படுகளத்தன்று காந்தாரியின் ஒப்பாரி வந்தால் தங்கள் வீட்டுச் சாவையெல்லாம் சேர்த்து அழுதுவிடுவார்கள். கதை தெரிந்தவர்கள் அவர்கள்தான். இளைஞர்களில் பலர் செல்போனில் படம் எடுத்துவிட்டு நடு இரவில் எழுந்துவிடுகிறார்கள்.

பயணம் செய்யும் பெண்ணுக்கு முன்மாதிரி தேட இந்த மாவட்டம் வெளியே போகவேண்டியதில்லை. தருமபுரிதான் பழைய தகடூர். அதன் தலைவன் அதியமான் நெடுமான் அஞ்சியின் தூதராகத் தொண்டைமானிடம் போய்ப் பேசியவர் ஔவையார். நெல்லிக்கனியை அதியமான் யாருக்குக் கொடுத்தான் என்பது ஊரறிந்த செய்தி. சங்ககால ஔவையைக் கிழவி என்று பாடல்கள் சொல்லவில்லை. பிற்கால ஔவையாரோடு கலந்து, 1953-இல் வந்த ஜெமினியின் படத்தில் கே. பி. சுந்தராம்பாள் கோலூன்றி நடந்த பிறகு பாட்டி உருவமே நிலைத்துவிட்டது. தருமபுரியின் அரசு மகளிர் மேல்நிலைப் பள்ளிக்கு அவர் பெயர். அதியமான்கோட்டையில் அதியமானோடு அவருக்கும் சிலை. நாட்டு அரசியலுக்காக நடந்த பெண்ணுக்குச் சிலை வைத்த ஊர், தன் வீட்டுக் கிழவி சந்தைக்குப் போனால் இந்த வயசில் உனக்கு எதுக்கு என்கிறது.

பெங்களூருக்கு வரும் பயணம் இவற்றில் மிகவும் கடினம். மாநில எல்லை தாண்டினால் இலவசம் இல்லை. கர்நாடகம் 2023 ஜூன் 11 முதல் நடத்தும் சக்தித் திட்டமும் அந்த மாநிலத்துப் பெண்களுக்கு மட்டும். எலெக்ட்ரானிக் சிட்டியில் எந்த நிறுத்தத்தில் இறங்குவது என்பதை மகன் பத்து முறை சொல்லியிருப்பான். கிழவி தன் மடியில் வைத்திருக்கும் துண்டுச் சீட்டை நடத்துநரிடம் காட்டி இறங்குவார். வந்து சேர்ந்ததும் பத்துக்குப் பத்து அறை, பூட்டிய கதவு, பேச ஆள் இல்லாத பகல். மாடு யார் பார்க்கிறார்களோ என்று மூன்றாம் நாள் ஆரம்பிப்பார், ஐந்தாம் நாள் கிளம்பிவிடுவார். அம்மாவை நகரத்துக்கே கூட்டி வந்துவிட்டால் எல்லாம் சரியாகும் என்கிற யோசனையில் பாசம் இருக்கிறது, கணக்கு இல்லை. ஊரில் அவருக்கு ஒரு நாளில் இருபது பேரிடம் பேச்சு, பத்து வேலை, தன் கையில் சொந்தக் காசு. அறையில் தொலைக்காட்சி.

உடம்பைப் பார்க்கும் ஏற்பாடு முன்னைவிடப் பரவாயில்லை. 2008 முதல் தருமபுரியில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. 2021 ஆகஸ்டு 5 அன்று பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவருகிறது. கண் புரைக்கு முகாம் பஸ் வருகிறது. வராதது பல் வைத்தியமும் காது வைத்தியமும். போனில் பேசும்போது அம்மா சரி சரி என்று மட்டும் சொல்கிறார் என்றால், பாதி கேட்கவில்லை என்று பொருள்.

பார்த்துக்கொள்வது யார் என்ற கேள்விக்கு வந்தால், இந்த மாவட்டத்தின் பழைய காயம் ஒன்றைத் தொடவேண்டியிருக்கிறது. பெண் சிசுக்கொலையால் பெயர் கெட்ட பகுதி இது. 1992-இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001-இல் தருமபுரி முதலிய மாவட்டங்களுக்கும் வந்தது. அந்தக் காலத்தில் மூன்றாவதும் பெண்ணா என்ற பேச்சைத் தாங்கிக்கொண்டு மகளை வளர்த்தவர்கள் இன்றைய மூதாட்டிகள். கீழே விழுந்து இடுப்பு ஒடிந்த நாளில் வந்து நிற்பது பெரும்பாலும் அந்த மகள்தான். நிலத்தை எழுதி வாங்கியது மகன்.

நிலம் பற்றிச் சட்டம் தெளிவாக இருக்கிறது. 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டப்படி, பிள்ளைகள் கவனிக்கவில்லை என்றால் கோட்டாட்சியரிடம் மனுக் கொடுக்கலாம். இந்த மாவட்டத்தில் கோட்டங்கள் இரண்டு, தருமபுரியும் அரூரும். மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகை உத்தரவிட அவருக்கு அதிகாரம் உண்டு. கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்த தானத்தை, கவனிக்காதபோது ரத்து செய்ய 23-ஆம் பிரிவு வழி செய்கிறது. அந்த நிபந்தனையைப் பத்திரத்தில் வாசகமாக எழுதிவிட்டால் பின்னால் வழக்காடுவது எளிது. முதியோர் உதவி எண் 14567. இந்த எண்ணை அம்மாவின் போனில் பதிந்து கொடுக்கப் பிள்ளைகளுக்குத் தயக்கம் இருக்கலாம். பதிந்து கொடுங்கள்.

மற்ற வேலைகள் இதைவிடச் சின்னவை. ஆதார், ரேஷன் அட்டை, பாஸ்புக் மூன்றிலும் பெயரும் வயதும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். உங்கள் பெயர் ஊர் ரேஷன் அட்டையில் தேவையில்லாமல் கிடந்தால் எடுக்க வேண்டும். ஆதாரில் அவர் கையில் இருக்கும் போன் நம்பரைச் சேர்க்க வேண்டும். காதையும் முட்டியையும் மருத்துவரிடம் காட்டி, எந்தத் தண்ணீரை எத்தனை வருடம் குடித்தவர் என்பதையும் சொல்ல வேண்டும். இவற்றில் எதுவும் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வரும்போது நடக்காது. தாலுகா ஆபீஸ், வங்கி, வெளிநோயாளிப் பிரிவு எல்லாம் அன்று பூட்டியிருக்கும். இந்த ஒரு தடவை பண்டிகை இல்லாத செவ்வாய், புதன் பார்த்து இரண்டு நாள் லீவு போட்டு வாருங்கள்.